இருபத்து மூன்று பேருக்கும் ஒன்பது வினாடி

ஃபரிடா என்னிடம் சொன்னது சாதாரண விஷயம்தான். நான் ஓய்வு பெற்ற பிறகு, யோங் பெங் பக்கத்து இடைநிலைப் பள்ளியில் என் இடத்துக்கு வந்த பெண் அவள். இயற்பியல் கூடத்துக்குப் புதிதாக ஒரு சென்சர் கருவி வந்திருக்கிறதாம். ஸ்பிரிங்கில் எடையைத் தொங்கவிட்டு ஆட்டினால், அது எத்தனை தடவை ஆடியது, எவ்வளவு நேரம் ஆடியது என்பதைத் தானே கணக்கெடுத்துத் திரையில் கோடும் போட்டுவிடுமாம். "காக் லீலா, இனிமேல் எந்தப் பிள்ளையும் ரீடிங்கை இட்டுக்கட்டி எழுத முடியாது" என்று, அக்கா என்பதற்குக் 'காக்' போட்டு, மலாயில் சொல்லிச் சந்தோஷப்பட்டாள்.

"அந்தச் சென்சர் சரியா காட்டுதான்னு யார் பார்த்தா?" என்று கேட்டேன்.

அவள் சிரித்துவிட்டாள். ஓய்வு பெற்றும் இந்தப் புத்தி போகவில்லை என்று நினைத்திருப்பாள். நினைக்கட்டும். காய்கறிக் கடைத் தராசில் முதலில் முள் பூச்சியத்தில் நிற்கிறதா என்று பார்க்கும் ஆள் நான். வீட்டில் இரண்டு கடிகாரம் வெவ்வேறு நேரம் காட்டினால், மூன்றாவது ஒன்றைத் தேடுவேன். இந்தக் குணம் எனக்குப் பிறவியில் வந்ததில்லை. ஒருவரிடம் கற்றது. அதில் நான் தவறியதும் உண்டு. அதைத்தான் இங்கே எழுத வந்தேன்.

லாயாங் லாயாங் ஊருக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள் நான். ஐந்தாம் படிவம், அதாவது பதினோராம் வகுப்பு, முடித்ததும் மூன்று வருடம் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு அரசாங்கத்தில் ஆய்வுக்கூட உதவியாளர் வேலை கிடைத்தது. இரண்டு வாரப் பயிற்சி. நெருப்புப் பிடித்தால் எப்படி அணைப்பது, அமிலத்தை எந்த அலமாரியில் வைப்பது, கண்ணாடிக் குழாயை எப்படிக் கழுவுவது என்றெல்லாம் சொல்லித் தந்தார்கள். அத்தனையும் பயன்பட்டது. ஆனால் வேலையைக் கற்றுக்கொண்டது அங்கே இல்லை.

பள்ளியில் இயற்பியல் ஆசிரியர் ஜோசப் சார். அறிவியல் பாடங்களுக்கெல்லாம் தலைமையும் அவர்தான். குளுவாங்கிலிருந்து தினமும் காரில் வருவார். ஒல்லியான மனிதர், குரலை உயர்த்தவே மாட்டார். சட்டைப் பையில் பேனாவோடு ஆறங்குல இரும்பு ரூலர் ஒன்று எப்போதும் இருக்கும். யார் எந்த அளவைச் சொன்னாலும் அவர் முதலில் கேட்பது ஒன்றுதான்: "இது யாரோட கண்ணு பார்த்தது?"

நான் சேர்ந்த முதல் வாரத்தில் அலைத்தொட்டியைத் தயார் செய்யச் சொன்னார். அடியில் கண்ணாடி போட்ட, நான்கு கால் வைத்த ஆழமில்லாத தொட்டி. அதில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, ஒரு கட்டையை மோட்டாரால் அதிர வைத்தால் வரி வரியாக அலை ஓடும். மேலே விளக்கைப் போட்டால் அந்த அலையின் நிழல் கீழே விரித்த வெள்ளைத் தாளில் விழும். எல்லாவற்றையும் பொருத்திவிட்டு அவரைக் கூப்பிட்டேன்.

"தண்ணி நாலு மூலையிலும் ஒரே ஆழமா?"

"சமமாத்தான் சார் இருக்கு."

"அளந்தீங்களா?"

"பார்த்தாலே தெரியுது சார்."

அவர் விளக்கைப் போட்டு மோட்டாரை ஓடவிட்டார். தாளில் விழுந்த வரிகள் நேராகத்தான் ஓடின. ஆனால் இடது மூலைக்குப் போகும்போது மட்டும் ஒன்றோடொன்று நெருங்கி லேசாக வளைந்தன. பிறகு பல்குத்தும் குச்சி ஒன்றை என் கையில் கொடுத்து ஒவ்வொரு மூலையிலும் முக்கி, நனைந்த அளவை ரூலரில் வைத்துப் பார்க்கச் சொன்னார். இடது மூலையில் இரண்டு மில்லிமீட்டர் குறைவு.

"ஆழம் குறைஞ்சா அலை மெதுவாப் போகும். உங்க கண்ணுக்குத் தெரியாதது அலைக்குத் தெரியுது பாருங்க" என்றார். திட்டவில்லை. ஆனால் அன்று முதல் தொட்டியின் நான்கு மூலையையும் குச்சி வைத்துப் பார்க்காமல் நான் விளக்கைப் போட்டதில்லை.

அப்படித்தான் சந்தேகம் எனக்குத் தொழிலானது. எடைக்கட்டுகளைப் பாடத்துக்கு முன் ஒரு தடவை, பின் ஒரு தடவை எண்ணுவேன். ஸ்டாப்வாட்ச்சுகளை எல்லாம் ஒரே சமயத்தில் அழுத்தி, ஒரு நிமிடம் ஓடவிட்டு ஒப்பிடுவேன். தரையில் நீளமாக இழுத்து அலை காட்டும் ஸ்பிரிங் ஒன்று ஒருமுறை காணாமல் போனபோது, நான்காம் படிவத்தில் பாதிப் பேரை நிறுத்தி விசாரித்தேன். கடைசியில் உயிரியல் டீச்சர் அறையில் ஆசிரியர் தின அலங்காரமாக அது தொங்கிக்கொண்டிருந்தது. அப்போதும் எனக்கு வெட்கமாக இல்லை. மாணவர்களை முதலில் சந்தேகப்படுவதில் என்ன தப்பு என்றுதான் நினைத்தேன்.

எங்களிடம் ஒரு முறை இருந்தது. மாணவர்கள் எந்தச் சோதனையைச் செய்வதற்கும் முன்னால், அதே கருவிகளை வைத்து நான் ஒருமுறை செய்து பார்க்க வேண்டும். கிடைத்த அளவுகளை ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, என் கையெழுத்தைப் போட்டுச் சாரிடம் கொடுப்பேன். அவர் கீழே கையெழுத்துப் போடுவார். முன்சோதனைத் தாள் என்று அதற்குப் பெயர். பிள்ளைகளின் அளவு எங்கே இருக்க வேண்டும் என்பது அந்தத் தாளைப் பார்த்தால் தெரியும். கருவிகளை எடுத்து வைக்கும் என் தயாரிப்பு அறைச் சுவரில் ஒரு அட்டையில் அதை மாட்டி வைப்பேன்.

எனக்கு வேலையில் பதினைந்து வருடம் ஆகியிருந்த சமயம். ஐந்தாம் படிவத்துக்குச் செய்முறை மதிப்பீடு. ஸ்பிரிங்கின் கீழே நூறு கிராம் தொங்கவிட்டு, கொஞ்சம் இழுத்துவிட்டு, அது இருபது தடவை மேலும் கீழும் ஆட எத்தனை வினாடி ஆகிறது என்று எடுக்க வேண்டும். பிறகு இருநூறு, முந்நூறு என்று ஐந்நூறு வரை. ஓர் அலைவுக்கு ஆன நேரத்தைக் கண்டுபிடித்து, அதன் வர்க்கத்தை எடையோடு சேர்த்து வரைபடம் போட்டால் நேர்கோடு வரும். அந்தக் கோடு இரண்டு அச்சும் சந்திக்கிற ஆதிப்புள்ளி வழியாகப் போகும் என்பது பாடப்புத்தகக் கணக்கு.

மொத்தம் இருபத்து நான்கு மாணவர்கள், பன்னிரண்டு ஸ்டாண்டுகள். இரண்டு சுற்றாகச் செய்தார்கள்.

மறுநாள் சார் மாணவர்களின் செய்முறைக் கோப்புகளை என் மேசையில் வைத்துத் திருத்திக்கொண்டிருந்தார். நூறு கிராமுக்கு இருபத்து மூன்று பேருக்கு ஒன்பது வினாடி. சிலருக்கு எட்டு புள்ளி ஒன்பது, சிலருக்கு ஒன்பது புள்ளி ஒன்று. ஒரே ஒருத்திக்கு ஒன்பது புள்ளி ஏழு. அவள் கோடு ஆதிப்புள்ளியைத் தொடாமல் மேலே அச்சில் போய் முட்டியிருந்தது.

அவள் பெயர் துர்கா. அம்மா தொழிற்சாலை வேலைக்குப் போகிறவர். பல்கலைக்கழகத்துக்கு முந்தைய மெட்ரிகுலேஷன் படிப்பில் இடம் வேண்டும் என்று படித்துக்கொண்டிருந்த பெண். அதிகம் பேசமாட்டாள்.

"முதல் சுற்றுல ஒன்பதாம் நம்பர் ஸ்டாண்டுல யாரு?" என்று கேட்டார் சார்.

பட்டியலைப் பார்த்துச் சொன்னேன். ஒரு பையன். அதே ஸ்டாண்ட், அதே ஸ்பிரிங். அவனுக்கு ஒன்பது. அடுத்த சுற்றில் துர்காவுக்கு ஒன்பது புள்ளி ஏழு.

எனக்கு உடனே ஒன்று ஞாபகம் வந்தது. இரண்டாம் சுற்று தொடங்கும்போது துர்கா அந்த ஸ்பிரிங்கை இரண்டு கையாலும் பிடித்து உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவ ஸ்பிரிங்க இழுத்துக் கெடுத்துட்டா சார்" என்றேன்.

"இழுத்ததைப் பார்த்தீங்களா?"

"கையில வெச்சிருந்ததைப் பார்த்தேன்."

"நான் கேட்டது அதில்லையே."

"வேற எப்படி சார் மாறும்? ஒரே ஸ்பிரிங்."

சார் துர்காவைக் கூப்பிட்டனுப்பினார். பக்கத்து மேசையில் நாலைந்து பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களைப் போகச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

"இந்த ஒன்பது புள்ளி ஏழு யாரோட கண்ணு பார்த்தது?"

"என் கண்ணு சார். மூணு தடவை எடுத்தேன்."

நான் குறுக்கே விழுந்தேன். "ஸ்பிரிங்க எதுக்கு இழுத்த?"

"இழுக்கலக்கா. தடியா இருந்திச்சி, அதான் பார்த்தேன்."

"கெடுத்துட்டு இப்படிச் சொன்னா எப்படிலா?"

அவள் அழவில்லை. "நீங்க பக்கத்துல நில்லுங்கக்கா. இப்பவே திரும்பச் செஞ்சு காட்டுறேன்" என்றாள்.

"கெட்டுப்போன ஸ்பிரிங்ல செஞ்சு என்ன பிரயோசனம்?" என்றேன்.

அந்த வார்த்தையை நான் எத்தனையோ தடவை திரும்ப நினைத்திருக்கிறேன். சோதித்துப் பார்க்கிறேன் என்று ஒரு பிள்ளை கேட்கிறாள், வேண்டாம் என்கிறேன். அதுவும் அந்த அறையில், ஜோசப் சார் முன்னால்.

சார் எதையும் முடிவு செய்யவில்லை. "திங்கக்கிழமை வெளிப் பள்ளியிலிருந்து ஆசிரியர் வந்து கோப்பெல்லாம் பார்ப்பார். வெள்ளிக்கிழமைக்குள்ள நான் முடிவு சொல்றேன்" என்று அவளை அனுப்பிவிட்டு, என்னிடம் "அந்த ஸ்பிரிங்க உறையில போட்டுத் தனியா வைங்க. யாரும் தொடக்கூடாது" என்றார். அளவுகள் இட்டுக்கட்டியவை என்று அவர் எழுதிவிட்டால் அவளுக்கு அந்த மதிப்பெண் போய்விடும். மெட்ரிகுலேஷனும் கஷ்டம்தான். அது எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் அன்று வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

வியாழக்கிழமை பள்ளி விட்ட பிறகு நல்ல மழை. மோட்டார் சைக்கிளை எடுக்க முடியாது. சும்மா இருக்கிற நேரத்தில், அந்தப் பெண் பொய் சொன்னாள் என்பதை எண்ணிலேயே காட்டிவிடலாம் என்று தயாரிப்பு அறையில் உறையைப் பிரித்தேன். கெட்டுப்போன ஸ்பிரிங் ஒரு நேரம் காட்டும், நல்ல ஸ்பிரிங் இன்னொன்று காட்டும். இரண்டையும் எழுதிச் சாரிடம் கொடுத்தால் வேலை முடிந்தது.

துர்காவின் ஸ்பிரிங்கில் நூறு கிராம். இருபது அலைவு. ஒன்பது புள்ளி ஏழு. நினைத்தது சரிதான் என்று எழுதிக்கொண்டேன். பிறகு நான்காம் நம்பர் ஸ்டாண்டின் ஸ்பிரிங்கை மாட்டினேன்.

ஒன்பது புள்ளி எட்டு.

எண்ணிக்கையில் ஒன்று விட்டுவிட்டேன் என்று நினைத்துத் திரும்ப எடுத்தேன். ஒன்பது புள்ளி ஏழு. ஏழாம் நம்பர்: ஒன்பது புள்ளி ஏழு. ஸ்டாப்வாட்ச்சை மாற்றினேன். எடைக்கட்டுகளைத் தராசில் போட்டேன். சரியாக இருந்தன. பன்னிரண்டு ஸ்பிரிங்கையும் ஒவ்வொன்றாக மாட்டி எடுத்தேன். ஒன்றுகூட ஒன்பது காட்டவில்லை.

அப்படியானால் இருபத்து மூன்று பேருக்கும் அந்த ஒன்பது எங்கிருந்து வந்தது?

தலையைத் தூக்கினால் எதிரே சுவரில் என் முன்சோதனைத் தாள். நூறு கிராம், ஒன்பது புள்ளி பூச்சியம். கீழே என் கையெழுத்து. ஸ்டாண்ட் எடுக்க உள்ளே வந்த பிள்ளைகள் யாரோ அதைப் பார்த்து எழுதி எல்லாருக்கும் கொடுத்திருக்கிறார்கள். அதுவரை அவர்கள் தப்பு. அந்தத் தாளில் அந்த எண் இருந்தது என் தப்பு.

அந்த வருடம் ஸ்பிரிங்குகள் புதிது. பழையவை மெல்லிய கம்பி. புதியவை தடித்தவை, கையில் எடுத்தாலே கனம் தெரியும். ஸ்பிரிங்கை இழுக்க எவ்வளவு விசை வேண்டும் என்று காட்டும் விறைப்பு எண், பெட்டியின் மேல் பழையதைப் போலவே இருபது என்று போட்டிருந்தது. அந்த வாரம் பள்ளி முழுக்கப் பொருள் கணக்கெடுப்பு. எண் ஒன்றுதானே, ஸ்பிரிங் ஸ்பிரிங்தானே என்று போன வருடத் தாளைப் பார்த்து எழுதித் தேதியை மட்டும் மாற்றிப் போட்டேன். செய்யாத சோதனையைச் செய்ததாகக் கையெழுத்துப் போட்டேன். பதினைந்து வருடத்தில் அந்த ஒரே ஒரு தடவை என்று சொன்னால் நீங்கள் நம்ப வேண்டியதில்லை. நானே வேறு யாராவது சொன்னால் நம்பமாட்டேன்.

மழை விட்டும் நான் கிளம்பவில்லை. தாளைக் கழற்றிக் கிழித்துப் போட்டிருக்கலாம். சார் அதன் நகல் வைத்துக்கொள்வதில்லை. யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்த நினைப்பு வரவில்லை என்று சொல்லமாட்டேன். தாளைக் கழற்றிக் கையிலும் வைத்திருந்தேன். துர்கா "பக்கத்துல நில்லுங்கக்கா" என்று கேட்ட குரல்தான் விடவில்லை.

மறுநாள் காலை மணி அடிக்கும் முன்பே சாரின் கார் வருவதற்குக் காத்திருந்தேன். வாகனம் நிறுத்துமிடத்திலேயே சொல்லிவிட்டேன். தாளையும் கொடுத்தேன். அவர் அதை அங்கே படிக்கவில்லை. நேராக ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். பையை வைத்தார். கைக்கடிகாரத்தைக் கழற்றினார்.

"ஸ்டாண்ட் கொண்டாங்க."

என்னை எண்ண விடவில்லை. அவரே மாட்டி, அவரே இழுத்து, வாய்க்குள் எண்ணினார். நூறிலிருந்து ஐந்நூறு வரை, ஒவ்வொன்றும் மூன்று தடவை. பிறகு ஸ்பிரிங்கை மட்டும் கழற்றித் தராசில் வைத்தார். அறுபது கிராம். அலமாரியிலிருந்து பழைய ஸ்பிரிங் ஒன்றை எடுத்து வைத்தார். ஒன்பது கிராம்.

வரைபடத் தாளில் புள்ளிகளை வைத்து, ரூலரால் கோட்டைப் பின்னால் நீட்டினார். அது எடை அச்சைப் பூச்சியத்தில் வெட்டாமல், பூச்சியத்துக்குப் பின்னால் இருபதில் வெட்டியது.

"அறுபதுல மூணுல ஒரு பங்கு இருபது. கட்டி விட்ட எடையோட ஸ்பிரிங்கும் சேர்ந்துதானே ஆடுது. அதோட கனத்துல மூணுல ஒரு பங்கு கணக்குல வந்துரும். பழைய ஸ்பிரிங் லேசு, அதனால தெரியல" என்றார். பிறகு துர்காவின் கோப்பைத் திறந்து அவள் கோட்டையும் அதே மாதிரிப் பின்னால் நீட்டினார். இருபத்தொன்று.

இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"இந்தப் பிள்ளை ஒருத்திதான் சோதனை செஞ்சிருக்கு."

"ஆமா சார்."

அப்புறம்தான் என் முன்சோதனைத் தாளை எடுத்தார். என் கையெழுத்துக்குக் கீழே இருந்த அவருடைய கையெழுத்தின்மேல் விரலை வைத்தார். "இந்தத் தேதியில அந்தப் பெட்டிய இன்னும் பிரிக்கவே இல்ல லீலா. எனக்குத் தெரியும். நானே அதுக்கு அடுத்த வாரந்தானே பிரிச்சேன். ஒரு நிமிஷம் யோசிச்சிருந்தா கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன்." தாளை மடித்தார். "இந்த ஸ்கூல்ல நான் பார்க்காம கையெழுத்துப் போடுறது உங்க தாள் ஒண்ணுதான்."



அன்றே முதல்வரிடம் போனோம். நடந்ததை எழுதி இருவரும் கையெழுத்திட்டுக் கொடுத்தோம். வெளி ஆசிரியரின் வருகை ஒரு வாரம் தள்ளிப்போனது. எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அது என் கோப்பில் கடைசி வரை இருந்தது. சாரிடமிருந்த தலைமைப் பொறுப்பு வேறு ஆசிரியருக்குப் போனது. 

வகுப்பில் சார் இருபத்து மூன்று கோப்புகளையும் மேசையில் அடுக்கி, "உங்க எல்லாருக்கும் சேர்த்து ஒரே ஜோடிக் கண்ணா?" என்று மலாயில் கேட்டார்.  அடுத்தது என் முறை. அந்தத் தாள் பொய் என்றும், அதை எழுதியது நான் என்றும், துர்கா ஸ்பிரிங்கைக் கெடுக்கவில்லை என்றும் எல்லார் முன்னாலும் சொன்னேன். மலாயில் சொன்னேன். பிறகு துர்காவிடம் தமிழில், "என்னை மன்னிச்சிரும்மா" என்றேன்.

அவள் உடனே இளகிவிடவில்லை. "நானும் அந்த நம்பரைப் பார்த்தேன்கா. பக்கத்துல இருந்தவ காட்டுனா. என் வாட்ச்சுல அப்படி வரல, அதான் எழுதல" என்றாள். பிறகு, "ஆனா நீங்க சொன்னப்ப நாந்தான் கெடுத்துட்டேனோன்னு எனக்கே தோணிருச்சி" என்றாள்.

சனிக்கிழமை எல்லாரும் மறுபடி செய்தார்கள். துர்கா வர வேண்டியதில்லை. அவள் அளவு செல்லும் என்று சார் சொல்லியிருந்தார். ஆனாலும் வந்தாள். ஒன்பதாம் நம்பர் ஸ்டாண்டைத் தவிர்த்து வேறு ஒன்றைக் கேட்டாள். எதற்கு என்று கேட்டதற்கு, "ஒரு ஸ்பிரிங்லதானேக்கா பார்த்தேன்" என்றாள். இந்தத் தடவை நான் பக்கத்தில் நின்றேன். ஒன்பது புள்ளி எட்டு வந்தது. பழைய எண்ணை அழிக்காமல் கீழே இதையும் எழுதினாள். அந்த வருட முடிவில் அவளுக்கு மெட்ரிகுலேஷன் இடம் கிடைத்தது. அதற்குப் பிறகு அவளைப் பற்றி எனக்குத் தெரியாது.

சார் அதற்குப் பின் ஆறு வருடம் வேலை பார்த்தார். அந்த ஆறு வருடமும் என் தாளில் ஏதாவது ஓர் அளவையாவது தானே எடுத்துப் பார்க்காமல் அவர் கையெழுத்துப் போட்டதில்லை. என்னிடம் முன்னைப் போலத்தான் பேசினார், வீட்டில் பிள்ளைகள் எப்படி என்று விசாரித்தார், தீபாவளிக்கு வந்து முறுக்குத் தின்றார். ஆனால் தாளை நீட்டினால் ஸ்டாப்வாட்ச்சைக் கேட்பார். முதல் வருடம் எனக்கு ஒவ்வொரு தடவையும் சுருக்கென்றது. அப்புறம் நானே அவருக்காக இன்னொரு ஸ்டாண்டைத் தயாராக வைக்க ஆரம்பித்தேன்.

அவருடைய கடைசி வேலை நாளன்று ஆசிரியர் அறையில் கேக் வாங்கி வைத்திருந்தார்கள். எல்லாரும் காத்திருந்தார்கள். சார் வழக்கம்போல என் அறைக்கு வந்தார். அடுத்த வாரத்துச் சோதனைக்கான தாள் மேசையில் இருந்தது. ஒரு ஸ்பிரிங்கை நான்கு சென்டிமீட்டர் அமுக்கிவிட்டால், அது தள்ளும் மரக்கட்டை மேசையில் எவ்வளவு தூரம் போய் நிற்கிறது என்று பார்க்கும் சோதனை. ஸ்பிரிங்கில் அடைத்து வைத்த ஆற்றலை அப்படித்தான் பிள்ளைகளுக்குக் காட்டுவோம். நான் எடுத்ததில் சராசரி முப்பத்தொரு சென்டிமீட்டர்.

தாளைப் படித்தார். கட்டையைக் கையில் எடுத்தார்.

"சார், கேக் வெட்டக் கூப்பிடுறாங்க. அடுத்த வாரம் நீங்களே இருக்க மாட்டீங்க."

"கையெழுத்து இன்னிக்குத்தானே போடுறேன்" என்றார்.

ஐந்து தடவை தள்ளினார். பையிலிருந்த ரூலர் போதாமல் என்னுடைய மீட்டர் அளவுகோலை வாங்கிக் குனிந்து பார்த்தார். வாசலில் வந்து நின்ற டீச்சர் ஒருவர் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் திரும்பிப் போனார். சாருக்கு முப்பத்திரண்டு வந்தது. என் எண்ணுக்குக் கீழே தன் எண்ணை எழுதினார். அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டுவிட்டு, கேக் வெட்டப் போனார்.